கொடிக்கயிறு ஏன் அறுந்தது? விசையைப் பிரித்துப் பார்க்கப் பழகுவோம்

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு முற்றத்தில் இரண்டு தென்னைகள் நிற்கின்றன. ஒன்றிலிருந்து மற்றதுக்குச் சரியாக ஆறு மீற்றர். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் உடுப்புக் காயப்போடும் கொடி. ஒரு மாரி முடிந்த கையோடு பழைய கொடி தொய்ந்துபோய்ச் சேலைக் கரை மண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. "தம்பி, இதை ஒருக்கா இறுக்கிக் கட்டிவிடு" என்றார் அம்மா. கிணற்றில் வாளி கட்டிய தும்புக் கயிறு ஒன்று சும்மா கிடந்தது. அதை எடுத்து, ஒரு பக்கம் முடிச்சுப் போட்டு, மறுபக்கம் காலை மரத்தில் ஊன்றி இழுத்துக் கட்டினேன். தட்டினால் அதிரும் அளவுக்கு இறுக்கம். அன்று பின்னேரமே அம்மா தோய்த்த கம்பளிப் போர்வையைக் கொண்டுவந்து நடுவில் போட்டார். தண்ணீரோடு பத்துக் கிலோ இருந்திருக்கும். போட்டுவிட்டு நாலடி எடுத்து வைப்பதற்குள் கயிறு அறுந்து விழுந்தது.

பத்து லீற்றர் வாளியை அந்தக் கயிறு எத்தனை மாதம் கிணற்றிலிருந்து தூக்கியிருக்கும்! நாளுக்கு முப்பது, நாற்பது தடவை. அங்கே தாங்கிய அதே பத்துக் கிலோவை இங்கே ஒரு தடவை தாங்கவில்லை. கயிறு பழையதுதான், ஆனாலும் காரணம் அது மட்டும் இல்லை. உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் சொல்லிக்கொடுக்கிறவன் நான். விசையைப் பிரித்தல் என்ற பாடத்தை இந்தக் கயிற்றிலிருந்துதான் தொடங்குகிறேன். இதுவரை கேத்திரகணிதத்தில் பயம் உள்ளவர்களும் தொடர்ந்து வாசிக்கலாம். செங்கோண முக்கோணம் ஒன்று தெரிந்தால் போதும்.

முதலில் விசை என்ன என்று பார்ப்போம். ஒன்றைத் தள்ளுவதும் இழுப்பதும் விசை. எவ்வளவு என்று மட்டும் சொன்னால் போதாது, எந்தப் பக்கம் என்றும் சொல்ல வேண்டும். விசையை நியூற்றன் என்ற அலகில் அளக்கிறோம். கதவை 20 நியூற்றன் விசையால் தள்ளினேன் என்றால் கதவு திறந்ததா, பூட்டியதா என்று தெரியாது. ஆகவே விசையை அம்புக்குறியாக வரைகிறோம். அம்பின் நீளம் விசையின் அளவு, அம்பின் முனை அதன் திசை.

கயிற்றுக்கு ஒரு தனிக் குணம் இருக்கிறது. அதனால் இழுக்க மட்டுமே முடியும், தள்ள முடியாது. இழுப்பதும் தன் நீளம் போகும் திசையில் மட்டும்தான். கயிறு சரிந்திருந்தால் இழுவையும் அதே சரிவில்தான் இருக்கும். கயிற்றுக்குள் இருக்கும் இந்த இழுப்புக்குத்தான் இழுவை என்று பெயர். பாரம் நேர் கீழே இழுக்கிறது, கயிறோ சரிவாக மட்டுமே இழுக்கக் கூடியது. இந்த இரண்டும் ஒத்துப்போகாமல் இருப்பதுதான் முழுக் கதையும்.

இன்னொரு சிறிய விஷயம். பத்துக் கிலோ என்பது திணிவு. அதைப் பூமி இழுக்கும் விசை நிறை. ஒவ்வொரு கிலோவையும் பூமி எத்தனை நியூற்றனால் இழுக்கிறது என்பதைச் சொல்லும் ஈர்ப்பு ஆர்முடுகல் 9.8 என்றாலும் கணக்கு இலகுவாக வர 10 என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் பத்துக் கிலோவின் நிறை 100 நியூற்றன். கிணற்றுக் கயிற்றில் வாளி நேராகத் தொங்கும்போது, கயிறும் நேர் மேலே இழுக்கிறது. கீழே 100, மேலே 100. இழுவை 100 நியூற்றன், அவ்வளவுதான். அங்கே பிரிக்க எதுவும் இல்லை.

இப்போது சரிந்த விசைக்கு வருவோம். வயலில் நிற்கிறீர்கள் என்று நினையுங்கள். செவ்வகமாக வெட்டிய வரம்புகள். நிற்கும் மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் போக வேண்டும். பயிர் நிற்கிறது, குறுக்கே மிதிக்க முடியாது. வரம்பு வழியே கிழக்கே 40 மீற்றர் நடக்கிறீர்கள், திரும்பி வடக்கே 30 மீற்றர் நடக்கிறீர்கள். அறுவடை முடிந்த பிறகு என்றால் குறுக்கே 50 மீற்றர் நடந்து அதே மூலைக்குப் போயிருப்பீர்கள். போய்ச் சேரும் இடத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். குறுக்கே நடந்த 50 க்குள் கிழக்கே 40 உம் வடக்கே 30 உம் அடங்கியிருக்கிறது.

அத்திவாரம் வெட்ட முன்னம் மேசன்மார் மூலை பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நூலில் மூன்றடி, மற்ற நூலில் நான்கடி குறித்து, குறுக்கே அளவு நாடாவைப் பிடிப்பார்கள். சரியாக ஐந்தடி வந்தால் மூலை செங்கோணம். வயலில் நடந்ததும் அதே மூன்று, நான்கு, ஐந்துதான்.

விசையும் இப்படித்தான் நடந்துகொள்ளும். வடகிழக்காகச் சரிந்த ஒரு கயிறு 50 நியூற்றனால் இழுத்தால், கிழக்கே 40 நியூற்றன், வடக்கே 30 நியூற்றன் என்று இரண்டு பேர் இழுப்பதற்கு அது சமம். அந்த 40 உம் 30 உம்தான் கூறுகள். ஒரு கவனம் வேண்டும்: 50 உம், அதோடு 40 உம் 30 உம் என்று மூன்று விசைகள் அங்கே இல்லை. ஒன்றைப் பிரித்து எழுதினால் முந்தியதை அழித்துவிட வேண்டும். விசைப் படத்தில் இரண்டையும் விட்டுவைத்து, ஒரே விசையை இரண்டு தடவை கணக்கில் சேர்த்துவிடும் பிள்ளைகள் நிறையப் பேர். நான் வகுப்பில் கூறுகளைப் புள்ளிக்கோட்டால் வரையச் சொல்வது அதற்காகத்தான்.

சரி, எல்லா முக்கோணமும் மூன்று, நான்கு, ஐந்தாக அமையாதே. அங்கேதான் சைனும் கோசைனும் வருகின்றன. விசை செங்கோண முக்கோணத்தின் செம்பக்கம். கோணத்தை ஒட்டிக் கிடக்கும் பக்கம் விசை × கோசைன். கோணத்துக்கு எதிரே நிற்கும் பக்கம் விசை × சைன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். "கிடைக்குக் கோசைன், நிலைக்குத்துக்குச் சைன்" என்று மனப்பாடம் செய்துகொண்டு வருகிற பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். கோணம் கிடையோடு தரப்பட்டிருந்தால் அது சரிவரும். கேள்வியில் "நிலைக்குத்துடன் 30 பாகை" என்று ஒரு சொல் மாறினால் முழுக் கணக்கும் தலைகீழாகிவிடும். அந்த மனப்பாடத்தை மறந்துவிடுங்கள். பதிலுக்கு இப்படிப் பாருங்கள். விசை அம்பைத் தரப்பட்ட கோணத்தால் திருப்புகிறீர்கள். எந்தக் கோட்டில் போய்ப் படுகிறதோ அந்தப் பக்கம் கோசைன். மிஞ்சிய பக்கம் சைன். சந்தேகம் வந்தால் கோணத்தைப் பூச்சியமாக்கிப் பாருங்கள். நிலைக்குத்தோடு கோணம் பூச்சியம் என்றால் கயிறு நேர் மேலே நிற்கிறது, முழு விசையும் மேலே போக வேண்டும். கோசைன் 0 இன் பெறுமானம் 1. ஆகவே மேல் கூறு கோசைன்தான். பத்து விநாடி கூட எடுக்காத இந்தச் சோதனை பரீட்சையில் எத்தனையோ புள்ளிகளைக் காப்பாற்றும்.

இனிக் கொடிக்கு வருவோம். போர்வை தொங்கும் புள்ளியை மட்டும் பாருங்கள். அந்தப் புள்ளியில் மூன்று இழுப்பு: கீழே 100 நியூற்றன் நிறை, இடப்பக்கக் கயிறு சரிவாக மேலே, வலப்பக்கக் கயிறு சரிவாக மேலே. புள்ளி அசையாமல் நிற்கிறது. அசையாமல் நிற்பது என்றால் மேலே போகும் இழுப்பும் கீழே போகும் இழுப்பும் சமன், இடம் போவதும் வலம் போவதும் சமன். சமநிலைக் கணக்கு முழுவதும் இந்த இரண்டு வசனங்களுக்குள் அடங்கும்.

பாரம் சரி நடுவில் இருப்பதால் இரண்டு பக்கமும் ஒரே கோணம், ஒரே இழுவை. கிடைக் கூறுகள் எதிரெதிராக இழுத்து ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. மிஞ்சுவது இரண்டு மேல் கூறுகள். அவை சேர்ந்து 100 ஐத் தாங்க வேண்டும். கயிறு கிடையோடு அமைக்கும் கோணம் 30 பாகை என்று வைப்போம்.

2 × இழுவை × சைன் 30° = 100

சைன் 30 அரை. ஆகவே இழுவை 100 நியூற்றன். இரண்டு கயிறு தாங்கியும் ஒவ்வொன்றிலும் 100! கிணற்றில் ஒற்றைக் கயிறாக இருந்தபோது வந்த அதே அளவு.

இப்போது கயிற்றை இறுக்குவோம். கோணம் 10 பாகையானால் சைன் 0.174, இழுவை 288 நியூற்றன். 5 பாகையானால் 574 நியூற்றன், அதாவது ஒரு சீமெந்து மூட்டையைக் கட்டித் தூக்கியதைவிடக் கூட. 1 பாகையானால் 2865 நியூற்றன். ஏறக்குறைய ஆறு சீமெந்து மூட்டைகளின் பாரம். தொங்குவது அதே பத்துக் கிலோப் போர்வைதான். கோணம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

ஆறு மீற்றர்க் கொடியில் இந்தக் கோணங்கள் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்றும் சொல்கிறேன். 10 பாகை என்றால் நடுப்பகுதி 53 சென்ரிமீற்றர் கீழே தொய்ந்திருக்கும். 5 பாகைக்கு 26 சென்ரிமீற்றர், ஒரு முழத்துக்கும் குறைவு. 1 பாகைக்கு ஐந்தே ஐந்து சென்ரிமீற்றர், மூன்று விரல் அகலம். நான் கட்டிய கொடி அந்த மூன்று விரலை நோக்கித்தான் இறுக்கப்பட்டிருந்தது. தும்புக் கயிறு கொஞ்சம் இழுபட்டுக் கொடுத்திருக்கும், இருந்தாலும் போதவில்லை.

வகுப்பில் இந்தக் கணக்கைச் செய்து காட்டியபோது ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "சேர், பத்துக் கிலோவைத் தாங்குறதுக்கு ஏன் இருநூற்றெண்பது கிலோ இழுவை? மிச்சம் எங்க போகுது?" மிக நல்ல கேள்வி. மிச்சம் முழுக்கக் கிடையாகப் போகிறது. 1 பாகையில் ஒவ்வொரு கயிறும் மேலே கொடுப்பது 50 நியூற்றன் மட்டும். பக்கவாட்டில் இழுப்பது 2864 நியூற்றன். இடக்கயிறு இடப்பக்கம் 2864, வலக்கயிறு வலப்பக்கம் 2864. இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி வீணாகின்றன. பாரத்துக்கு அதில் ஒரு பயனும் இல்லை. ஆனால் கயிற்றின் ஒவ்வொரு தும்பும் அந்த மல்லுக்கட்டைத் தாங்கத்தான் வேண்டும், தென்னைகளும் தாங்க வேண்டும்.

அவள் விடவில்லை. "அப்ப துண்டாத் தொய்வே இல்லாமக் கட்டினா?" தொய்வே இல்லை என்றால் கோணம் பூச்சியம், சைன் பூச்சியம், மேல் கூறு பூச்சியம். எவ்வளவு இழுத்தாலும் பூச்சியத்தைப் பெருக்கி 100 ஆக்க முடியாது. ஆகவே நடுவில் எதையாவது தொங்கவிட்ட எந்தக் கயிறும் நேர்கோடாக நிற்க முடியாது. உருக்குக் கம்பியானாலும் சரி, ஒரு தும்பி வந்து இருந்தாலும் சரி, கொஞ்சமாவது வளைந்தே தீரும். எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். இறுக்கம்தான் பலம் என்று கைக்குத் தோன்றுகிறது. கணக்கு அதற்கு நேர் எதிராகச் சொல்கிறது: கயிற்றுக்குத் தொய்வு கொடுத்தால்தான் மேலே தூக்க அதற்கு இடம் கிடைக்கும்.

சைன் அட்டவணை கையில் இல்லையென்றாலும் இழுவையைக் காணலாம். நடுவில் பாரம் தொங்கும் கொடியில் ஒரு மரத்திலிருந்து நடு வரைக்கும் உள்ள கயிற்றின் நீளத்தை அளவுங்கள். தொய்வை அளவுங்கள். நீளத்தைத் தொய்வால் வகுத்து, நிறையின் அரைவாசியால் பெருக்கினால் இழுவை வந்துவிடும். நீளம் 3 மீற்றர், தொய்வு 30 சென்ரிமீற்றர் என்றால் பத்து மடங்கு. 50 ஐப் பத்தால் பெருக்க 500 நியூற்றன். தொய்வை இரண்டு மடங்காக்கினால் இழுவை அரைவாசியாகிவிடும். அளவு நாடா ஒன்று இருந்தால் எந்த வீட்டிலும் செய்து பார்க்கலாம்.

இரண்டு பக்கமும் ஒரே கோணம் இல்லாவிட்டால்? ஒரு வாழைக்குலையை இரண்டு கயிற்றில் தொங்கவிடுகிறோம். இடக்கயிறு கிடையோடு 30 பாகை, வலக்கயிறு 60 பாகை, நிறை அதே 100. முதலில் கிடைப்பக்கம் பாருங்கள். இட இழுவை × கோசைன் 30 உம் வல இழுவை × கோசைன் 60 உம் சமன். அதிலிருந்து வல இழுவை இட இழுவையின் 1.73 மடங்கு என்று வரும். பிறகு நிலைக்குத்து: இட இழுவை × சைன் 30 உம் வல இழுவை × சைன் 60 உம் கூட்டினால் 100. தீர்த்தால் இடது 50, வலது 86.6 நியூற்றன். குத்தென நிற்கும் கயிறுதான் கூடப் பாரம் சுமக்கிறது. இரண்டையும் கூட்டினால் 136.6 வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். விசைகளை அப்படியே கூட்டக் கூடாது, கூறுகளைத்தான் கூட்டலாம். இலாமியின் தேற்றம் படித்தவர்கள் அதில் போட்டும் சரிபார்க்கலாம், இதே விடைதான் வரும். ஆனால் தொடக்கத்தில் கூறு பிரித்தே செய்யுங்கள். தேற்றம் மூன்று விசைகளுக்கு மட்டும். கூறு பிரித்தல் முப்பது விசைகளுக்கும் கைகொடுக்கும்.

இதே விஷயத்தை நான் கணக்கு தெரிய முன்னமே ஒரு தடவை கண்ணால் கண்டிருக்கிறேன். இடம்பெயர்ந்து தறப்பாளுக்குள் இருந்த நாள்கள். இரவில் காற்று கிளம்பினால் தறப்பாள் படபடவென்று அடிக்கும், கட்டையோடு கயிறு பிடுங்கிக்கொண்டு வரும். மணல் நிலம் வேறு. மரத்தோடு ஒட்டி அடித்திருந்த கட்டைகளை அப்பா ஒருநாள் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, நாலடி தள்ளிக் கொண்டுபோய் அடித்தார். "கயிறு நீண்டு சாஞ்சு கிடக்கோணும், அப்பதான் கட்டை நிக்கும்" என்றார். அதற்குப் பிறகு கட்டைகள் அவ்வளவு இலகுவில் கிளம்பவில்லை.

அப்பா செய்ததைக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். காற்று தறப்பாளைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. ஒரு கயிறு அதில் 100 நியூற்றனைக் கிடையாகத் தாங்க வேண்டும் என்று வைப்போம். கயிறு நிலத்தோடு 60 பாகையில் குத்தென இருந்தால், இழுவை × கோசைன் 60 = 100. இழுவை 200 நியூற்றன். அதன் மேல் கூறு 173 நியூற்றன், அவ்வளவும் கட்டையை மணலிலிருந்து மேலே பிடுங்கும். கட்டையைத் தள்ளி அடித்துக் கோணத்தை 30 பாகையாக்கினால் இழுவை 115 நியூற்றன், பிடுங்கும் கூறு வெறும் 58. காற்றும் அதே காற்று, மணலும் அதே மணல். பிடுங்கும் விசை மூன்றில் ஒன்றாகிவிட்டது. கொடியில் எங்களுக்கு மேல் கூறு தேவைப்பட்டது. இங்கே தேவை கிடைக் கூறு, மேல் கூறு ஆபத்து. எந்தக் கூறு வேலை செய்கிறது, எந்தக் கூறு தொல்லை கொடுக்கிறது என்று முதலில் கேட்டுவிட்டால் கோணத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்பது தானாகத் தெரிந்துவிடும்.

முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இன்னொரு காட்சி. வலையின் இரண்டு கையிலும் நீண்ட கம்பான் கயிறு. கரையில் இரண்டு கூட்டம் தள்ளித் தள்ளி நின்று இழுக்கும். வலை கிட்ட வர வர இரண்டு கூட்டமும் ஒன்றை நோக்கி ஒன்று நகரும். வலையின் வாயை ஒடுக்கி மீனைத் தப்பவிடாமல் மடிக்குள் கொண்டுவரத்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் விசைக்கும் அதில் இலாபம் இருக்கிறது. ஒவ்வொரு கூட்டமும் 1000 நியூற்றனால் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிறு ஒவ்வொன்றும் கரைக்கு வரும் நேர் திசையிலிருந்து 60 பாகை விலகியிருந்தால் வலையைக் கரைக்கு இழுப்பது மொத்தம் 1000 மட்டும். 30 பாகையாக நெருங்கினால் 1732. இரண்டு கயிறும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டால் முழு 2000 உம் கரைப்பக்கம். அதே கைகள், அதே வியர்வை, வேலை மட்டும் கூடுகிறது. பல இடங்களில் மனிதருக்குப் பதிலாக உழவு இயந்திரம் இழுத்ததும் உண்டு. கோணத்தின் கணக்கு அதற்கும் இதேதான்.

இதுவரைக்கும் கிடை, நிலைக்குத்து என்று இரண்டு திசையிலேயே பிரித்தோம். அது கட்டாயம் இல்லை. ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தால் எந்த இரண்டு திசையிலும் பிரிக்கலாம். இரணைமடுக் குளத்தில் மீன் பிடிக்கிறவர் தன் வள்ளத்தைச் சரிவான கரையில் கயிறு கட்டி மேலே இழுக்கிறார். வள்ளம் 80 கிலோ, நிறை 800 நியூற்றன், சரிவு 20 பாகை என்போம். இங்கே சரிவோடு ஒரு திசை, சரிவுக்குச் செங்குத்தாக ஒரு திசை என்று எடுத்தால் வேலை பாதி குறையும். நிறையில் சரிவோடு கீழே இழுக்கும் கூறு 800 × சைன் 20, அதாவது 274 நியூற்றன். மற்றக் கூறு வள்ளத்தை மண்ணில் அழுத்துவது மட்டும். உராய்வை விட்டுவிட்டால் 274 நியூற்றன் இழுவை போதும். உண்மையில் மண்ணின் உராய்வு நிறையவே சேரும், அதற்காகத்தான் அடியில் உருளைக் கட்டை போடுகிறார்கள். சரிவில் பாரம் எவ்வளவு இழுக்கும் என்பதை 1586 இல் சைமன் ஸ்டெவின் என்ற பிளெமிய அறிஞர், முக்கோணக் கட்டை ஒன்றைச் சுற்றிக் குண்டுச் சங்கிலி ஒன்றைப் போட்டதாகக் கற்பனை செய்தே விளக்கிக் காட்டினார். நியூற்றன் 1687 இல் தன் மூன்று விதிகளையும் எழுதி முடித்த கையோடு முதலில் வைத்த கிளைத்தேற்றமே விசை இணைகரம்தான். நாம் கொடியில் செய்தது அதைத் திருப்பிப் போட்டது. அவர் இரண்டை ஒன்றாக்கினார், நாம் ஒன்றை இரண்டாக்குகிறோம்.

கயிறு இறுகினால் இழுவை பெருகும் என்பது கொடிக்குக் கெடுதி. அதையே உதவியாகவும் எடுக்கலாம். மாரி காலத்தில் வன்னியின் களிமண் பாதையில் வாகனம் புதைந்தால் என்ன பாடு என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆள் பலம் குறைவு, பக்கத்தில் ஒரு பெரிய பாலை மரம் நிற்கிறது என்றால் ஒரு வழி உண்டு. வாகனத்திலிருந்து மரத்துக்கு நல்ல கயிறு ஒன்றை இறுகக் கட்டுங்கள். கயிற்றோடு இழுக்காமல், கயிற்றின் நடுவில் நின்று பக்கவாட்டில் தள்ளுங்கள். 300 நியூற்றனால் தள்ளும்போது கயிறு ஒவ்வொரு பக்கமும் 5 பாகை வளைந்தால், வாகனத்தில் விழும் இழுவை 1700 நியூற்றனுக்கு மேல். ஒரு ஆளின் கை ஆறு ஆளின் வேலையைச் செய்கிறது. ஒரு குறை, வாகனம் கொஞ்சம் அசைந்ததும் கோணம் பெருத்து இழுவை படுத்துவிடும். திரும்ப இறுக்கிக் கட்டித் திரும்பத் தள்ள வேண்டும். சாண் சாணாகத்தான் வரும். இதைச் செய்யும்போது கயிற்றுக்குக் கிட்ட எந்தப் பக்கத்திலும் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள். அவ்வளவு இழுவையில் அறும் கயிறு எந்தப் பக்கம் வந்து அடிக்கும் என்று சொல்ல முடியாது. தள்ளுகிறவரும் கயிறு இழுபட்டுத் தும்பு தெறிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே தள்ள வேண்டும்.

ஏ9 வீதியோரம் மின்சாரக் கம்பிகள் தொய்வாகத் தொங்குவதைப் பார்த்து, இழுத்துக் கட்டியிருக்கலாமே என்று சிலர் நினைப்பதுண்டு. அந்தத் தொய்வு கணக்குப் பார்த்து விட்டது. கம்பியின் சொந்த நிறையே அதற்குப் பாரம். தொய்வு குறைந்தால் இழுவை ஏறும், குளிரில் கம்பி சுருங்கினால் இன்னும் ஏறும்.

கொடி அறுந்த கதைக்குத் திரும்புகிறேன். மறுநாள் நான் புதுக் கயிறு வாங்கி, நடுவில் ஒரு முழத்துக்கு மேல் தொய்வு விட்டுக் கட்டினேன். இழுவைக்கு அது நல்லது, சேலைக் கரைக்கு நல்லதில்லை. பழையபடி மண்ணில் முட்டத் தொடங்கியது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வேலியோரம் கிடந்த கவர்த்தடி ஒன்றை எடுத்துவந்து, கவர் பக்கம் மேலே வரக் கயிற்றின் நடுவில் கொடுத்து, அடியை நிலத்தில் ஊன்றி நிமிர்த்திவிட்டார். கொடி ஒரு முழம் மேலே போனது.

கயிற்றால் தள்ள முடியாது என்றேன் அல்லவா? தடியால் தள்ள முடியும். நேர் மேலே தள்ளும் தடியில் கிடைக் கூறே இல்லை, மல்லுக்கட்டும் இல்லை. நடுவில் போட்ட போர்வையின் 100 நியூற்றன் தடி வழியே நேராக நிலத்துக்கு இறங்குகிறது. கயிற்றின் வேலை தடியைச் சாயாமல் பிடித்துக்கொள்வது மட்டும். அடுத்த வகுப்பில் கரும்பலகையில் அந்தப் படத்தையும் வரைந்தேன்: நடுப் புள்ளி, கீழே 100, மேலே தடியின் 100, பக்கத்தில் ஏறக்குறையத் தளர்ந்த இரண்டு கயிறுகள்.